வேடிக்கை அல்ல, சபை

மாசி மகம் வந்தால் போதும், மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடியதைப் பத்திரிகைகள் வண்ணப்படம் போட்டுக் கொண்டாடும். ‘பாரம்பரியம் மாறாத பழங்குடிகள்’ என்று பாராட்டும் உண்டு. மறுநாள் அந்தச் சனங்கள் எந்தச் சூளைக்குத் திரும்பிப் போனார்கள் என்று ஒரு வரி இருக்காது.

அங்கே நடப்பது என்ன? வடதமிழகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற குடும்பங்கள் பவுர்ணமியை ஒட்டி வந்து இறங்குகின்றன. கொம்பு நட்டுப் புடவையைச் சுற்றினால் அதுதான் வீடு. விடியலில் ஈர மணலைக் குவித்துப் படி கட்டி, பூவும் பழமும் பொரியும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன ஆத்தாளை வீட்டுக்கு அழைக்கிறார்களாம். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே. அய்யர் இல்லை, ஆகமம் இல்லை, முதல் மரியாதை கேட்கிற பண்ணையாரும் இல்லை. பக்கத்தில் பல்லவன் கட்டிய கல் கோயில் 1984இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இவர்களின் மணல் கோயிலை அலை கொண்டுபோகும். அடுத்த வருசம் மறுபடி கட்டுவார்கள்.

நம் தோழர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் கன்னியம்மனைப் பார்வதியாக்கித் தங்கள் கணக்கில் வரவு வைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பேருமே அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் ஊருக்கு நாலு குடிசையாகச் சிதறடிக்கப்பட்ட ஒரு சமூகம், ‘நாம இத்தனை பேர் இருக்கோம்’ என்று தன்னைத்தானே எண்ணிப் பார்க்கிற நாள் அது. திருவிழா என்ற பேரில் கூடுகிற சபை.

சபை கூடும் நாள் ஆண்டைக்கும் தெரியும். நேபாளத் தராயில் தாரு பழங்குடிகளின் புத்தாண்டு மாகி. நம் பொங்கலை ஒட்டி வருவது. ஆட்டம் பாட்டோடு, வீட்டுக்கு யார் பொறுப்பு, ஊருக்கு யார் தலைவர் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் நாள். அதே மாகியில்தான் நிலவுடைமையாளர்கள் ‘கமையா’ என்னும் கொத்தடிமைகளின் அடுத்த வருச ஒப்பந்தத்தை முடித்தார்கள். சிறுமிகளைக் ‘கம்லரி’ என்று வீட்டுவேலைக்கு விலைபேசியதும் அப்போதுதான். 2000 ஜூலையில் கமையா முறையும், 2013இல் கம்லரி முறையும் ஒழிந்ததாக அரசு அறிவித்தது. அடிமைப்பட்டவர்களே தெருவுக்கு வந்து போராடிப் பெற்ற அறிவிப்புகள் அவை.

இங்கே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மரம் வெட்டுமிடத்திலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்தி நிற்கவில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் கடனுக்கு வட்டி உண்டு, தவணை உண்டு, கடைசியில் ‘கணக்கு முடிந்தது’ என்று ஒரு முத்திரையும் உண்டு. சூளை முதலாளியின் முன்பணத்துக்கு அந்த முத்திரை மட்டும் கிடையாது. முன்பணம் வாங்கியவன் ஆத்தாளைக் கும்பிடப் போகவும் உத்தரவு கேட்டு நிற்க வேண்டும். எனவே மகத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. வரமுடியாமல் போனவர்களையும் எண்ண வேண்டும்.

அண்ணாமலை நகரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான் கிள்ளை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் அங்கே தீர்த்தவாரிக்கு வருவதையும், இசுலாமியர் அவரை வரவேற்பதையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதே கிள்ளையில், பிச்சாவரம் உப்பங்கழியில் இறங்கி வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள், பழங்குடிச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தவர்கள். ‘நீ இருளன்தான்னு என்ன ஆதாரம்?’ என்று கேட்கிற அதிகாரமும், மகத்தன்று அவர்களைத் ‘தொன்மை’ என்று காட்சிக்கு வைக்கிற அதிகாரமும் வேறு வேறல்ல.

அரசு அங்கே மேடை போட வேண்டாம். குடிதண்ணீர், கழிப்பறை, வெளிச்சம் கொடுக்கட்டும். சூளைக்கும் ஆலைக்கும் மகத்தை ஒட்டி மூன்று நாள் கூலியோடு விடுப்பு என்று உத்தரவு போடட்டும். மாணவத் தோழர்களே, மாமல்லபுரத்துக்குக் கேமராவோடு போவதை விட, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை கிள்ளைக்குப் பேனாவோடு போங்கள். அங்கே எழுத வேண்டிய மனுக்கள் நிறைய இருக்கின்றன.