கூலிக்காரன் பிள்ளைக்குப் பூகோளம் எதற்கு?

கூலிக்காரன் பிள்ளைக்குப் பூகோளம் எதற்கு என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கணக்குப் படித்தால், கம்ப்யூட்டர் படித்தால் ஓசூர் கம்பெனியில் நுழையலாமாம். மலையையும் ஆற்றையும் படித்தவன் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்! இந்த வாதத்தை நம் தோழர்களில் சிலரும் திருப்பிச் சொல்வதுதான் வேதனை.

தோழர்களே! 2024 டிசம்பர் 2-ந் தேதியை மறந்துவிட்டீர்களா? ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் ஜில்லா மேல் வந்து கவிழ்ந்தது. சாமல்பட்டிக்குப் பக்கத்திலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை! ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரு பகல் ஓர் இரவில் கொட்டித் தீர்ந்தது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் தீப்பெட்டிகளைப் போல உருட்டிக்கொண்டு போனது. அதே நாளில் கீழே சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் ஆற்றோரத்து ஏழைகளின் குடிசையும் பயிரும் மூழ்கின.

எச்சரிக்கை கொடுத்தோம் என்றது சர்க்கார். கொடுக்கவில்லை என்றது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கொடுத்த எச்சரிக்கை யாருக்குப் புரிந்தது? 'கன அடி' என்றால் என்ன? ஒரு வினாடிக்கு ஒரு கன அடி நீர், அதாவது 28 லிட்டருக்குச் சற்று மேல். 1,68,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரிகள் ஏறக்குறைய நானூறு, ஒவ்வொரு வினாடியும் உங்கள் வயலில் கவிழ்கிறது என்று அர்த்தம்! இதை எட்டாம் வகுப்புப் பையன் ஐந்து நிமிஷத்தில் கணக்குப் போட்டு அப்பனுக்குச் சொல்வான். சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியில் நடப்பது என்ன? வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் 'சமூக அறிவியல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வரலாறு படித்த வாத்தியாரே புவியியலையும் நடத்துகிற பள்ளிகள் பல. குற்றம் அவருடையதல்ல, ஆள் போடாதவர்களுடையது. புத்தகத்தில் வெள்ளம், புயல் பற்றிய பாடம் இல்லாமல் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பரீட்சைக்கு வேண்டியது படத்தில் புள்ளி வைப்பது. ஆரவல்லி மலை எங்கே, தார் பாலைவனம் எங்கே? பையன் சரியாகக் குறிக்கிறான், மார்க்கும் வாங்குகிறான். பாம்பாறு எங்கிருந்து வருகிறது என்று அவனைக் கேளுங்கள், விழிப்பான். பதினொன்றாம் வகுப்பில் புவியியல் பாடப் பிரிவு வைத்திருக்கும் அரசுப் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாமல்பட்டிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர்கள் 'கார்பனடைட்' என்ற அபூர்வமான பாறையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் இந்த வட்டாரத்துக்கு வருகிறார்கள். பூமியின் ஆழத்திலிருந்து மேலேறிய நெருப்புக் குழம்பு உறைந்த பாறை அது. வயது 70 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன் மேல் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு இது தெரியாது. ஜில்லா முழுவதும் கல் என்றால் நமக்குத் தெரிந்தது குவாரி, தூசி, நாள் கூலி. காலடியில் இருக்கும் செல்வத்தின் பெயரும் விலையும் குத்தகைக்காரனுக்கு மட்டும் தெரிந்தால், கூலி பேசும்போது யார் கை ஓங்கும்?

நுரை விஷயத்துக்கு வருவோம். ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாய் நுரை பொங்குகிறது என்று பத்திரிகைகள் படம் போட்டன. 'கர்நாடகக்காரன் விஷம் அனுப்புகிறான்' என்று சிலர் மேடையேறினார்கள். படத்தை விரித்துப் பாருங்கள்! தென்பெண்ணை பிறப்பது நந்தி மலையில். அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் பெள்ளந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து வழிந்து இந்த ஆற்றில் சேருகின்றன. அந்த ஏரிக்கரைக் குடிசைகளில் கிடப்பவன் யார்? கன்னடக் கூலி, தெலுங்குக் கூலி, நம் ஊரிலிருந்து கட்டட வேலைக்குப் போன தமிழ்க் கூலி. நாற்றம் முதலில் அடிப்பது அவன் மூக்கில்தான். 1956-ல் மாநில எல்லை வகுத்தபோது ஆற்றைக் கேட்டு வகுக்கவில்லை. எல்லைக் கோட்டை மட்டும் படித்தவன் அண்டை மாநிலத் தொழிலாளியோடு சண்டைக்குப் போவான். ஆற்றின் முழு ஓட்டத்தையும் படித்தவன், சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடித்த முதலாளி எவன், கண்டும் காணாத அதிகாரி எவன் என்று தேடுவான். பூகோளத்தை மனப்பாடமாகவே வைத்திருப்பதில் யாருக்கு லாபம் என்று இப்போது தெரிகிறதல்லவா?

வெள்ளைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். 1802-ல் லாம்டன் பரங்கிமலையருகே அளவுச் சங்கிலியைப் போட்டது நம் பிள்ளைகளின் அறிவுக்காகவா? நிலத்தை அளந்தவன் கையில்தான் வரியும் பட்டாளமும் இருந்தன.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. உயர்நிலைப் பள்ளிதோறும் புவியியல் படித்த ஆசிரியர் ஒருவர். தாலூகாவின் ஓடை, ஏரி, குவாரி எல்லாம் தெரிகிற பெரிய படம் ஒன்று. முற்றத்தில் ஒரு மழைமானி. பிள்ளைகளே தினம் அளந்து பலகையில் எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை ஆற்றங்கரை வரை நடை. மேல்நிலையில் புவியியல் பிரிவு. கல்வி மந்திரியின் மேடைப் பந்தலுக்கு ஆகிற செலவில் ஒரு தாலூகாவுக்கே மழைமானி வாங்கிவிடலாம்!

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலி போனாலும் போகட்டும், ஆணும் பெண்ணுமாகப் போய் உட்காருங்கள். புவியியல் வாத்தியார் எப்போது வருவார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.