ஒரு துப்பறிவாளரின் ராஜினாமா

துப்பறியும் கதை ஒரு குறுக்கெழுத்துப் போட்டி, கட்டங்கள் நிரம்பியதும் தூக்கி எறிய வேண்டியதுதான் என்றொரு தீர்ப்பு உண்டு. கொலை ஒரு கறை, துப்பறிபவர் துடைக்கிறார், உலகம் மறுபடி சுத்தமாகிவிடுகிறது. இதில் கலைக்கு என்ன வேலை? பெரும்பாலான துப்பறியும் படங்கள் இந்தத் தீர்ப்புக்குத் தகுதியானவைதாம். அதைப் பொதுவிதியாக்கும் சோம்பலைத்தான் நான் மறுக்கிறேன். என் சாட்சி, கிறிஸ்டியானா பிராண்டின் நாவலிலிருந்து சிட்னி கில்லியட் 1946இல் எடுத்த 'கிரீன் ஃபார் டேஞ்சர்' என்ற பிரிட்டிஷ் படம். முடிவைச் சொல்லித்தான் பேசப்போகிறேன். முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற படம் பேசத் தகுந்ததல்ல.

1944 ஆகஸ்ட். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு போர்க்கால ஆஸ்பத்திரி. மேலே ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள். அவற்றின் இரைச்சல் கேட்கும்வரை உயிர் பத்திரம், நின்றால்தான் ஆபத்து. குண்டில் அடிபட்ட தபால்காரர் ஒருவர் ஆபரேஷன் மேஜைக்கு வருகிறார். மயக்கத்தில் மூச்சு திணறுகிறது. ஆக்ஸிஜனைக் கூடுதலாகத் திறக்கிறார்கள். திறக்கத் திறக்கச் சாகிறார். பச்சை நிறக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டருக்கு யாரோ ஆக்ஸிஜனுக்குரிய கறுப்பு வர்ணம் பூசியிருக்கிறார்கள்.

இதைக் கெட்டிக்கார உபாயம் என்று மட்டும் ரசிப்பவர்கள் படத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். கொலை செய்தவள் எஸ்தர் என்ற நர்ஸ். அவள் தாய் குண்டுவீச்சு இடிபாடுகளுக்கடியில் இறந்தவள். மீட்க வந்த தபால்காரர் தாயைச் சாகவிட்டார் என்பது மகளின் தீர்ப்பு. மீட்கத் தவறிய கைக்குத் தண்டனை, மீட்கும் வாயுவின் வேஷத்தில் வருகிறது. உபாயமும் உள்ளடக்கமும் இங்கே ஒன்று.

அதே 1946 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆர்வெல், ஆங்கிலேயக் கொலை சீரழிந்துவிட்டதாகப் பாதி கேலியாக ஒரு கட்டுரை எழுதினார். ஸ்திரமான சமூகத்தின் பழைய கொலைகளுக்குப் பின்னால் உக்கிரமான உணர்ச்சி இருந்தது. போர்க்காலக் கொலையில் அதுகூட இல்லை என்பது அவர் வாதம். கில்லியட்டின் படம் இதற்கு நேர் எதிர்சாட்சி. இங்கே உக்கிரத்தைத் தந்ததே போர்தான்.

இன்ஸ்பெக்டர் காக்ரில்லாக வரும் அலஸ்டர் சிம்மை வெறும் கோமாளித்தனத்துக்காகப் புகழ்வதும் இதே சோம்பல். சந்தேகத்துக்குள்ளானவர்களின் அவஸ்தையில் குளிர்காய்கிற மனிதர் அவர். படுக்கையில் துப்பறியும் நாவல் படிக்கிறார், குற்றவாளியை ஊகித்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார், ஊகம் தப்பு. சிரிக்கிறோம். பின்னால் அதற்கு விலை கேட்கப்படுகிறது. எஸ்தர் விஷம் அருந்தியிருக்கிறாள். சர்ஜன் மாற்று மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு நெருங்குகிறார். கொல்லப்போகிறார் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் தடுக்கிறார். அவள் சாகிறாள். மறுபடியும் காப்பாற்றப் பாய்ந்த கைதான்.

கறையைத் துடைக்க வந்தவர் கையிலேயே கறை. மேலதிகாரிக்கு ராஜினாமா எழுதுகிறார், ஏற்கப்படாது என்ற நம்பிக்கையோடு. இந்தக் கடைசி நகைச்சுவையை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறு ஒப்புக்கொள்ளப்படும், பதவி நீடிக்கும். இதைச் சொல்லும் படத்தில் எந்த உலகம் சுத்தமாகிவிட்டது?

போரைப் பற்றிய படங்கள் வேறு, பொழுதுபோக்குக் கொலைப்படங்கள் வேறு என்று அலமாரி பிரிப்பவர்களும் சிலிண்டரின் மேற்பூச்சைத்தான் படிக்கிறார்கள். உள்ளே இருப்பது வேறு.