கடலுக்குக் கணக்கெழுதும் கடல்கட்டிகள்

சமீப காலமாகப் பெரிய கம்பெனிக்காரர்களும் அவர்களுக்குப் பணம் போடும் பாங்கிக்காரர்களும் "பல்லுயிர்த் தடம்" என்பதாக ஒன்றைப் பற்றி ஓயாமல் பேசி வருகின்றார்கள். அதாவது, ஒரு தொழிலானது காட்டையும் கடலையும் அவற்றிலுள்ள ஜீவராசிகளையும் எவ்வளவு கெடுத்தது என்பதை அளந்து, லாப நஷ்டக் கணக்கைப் போலவே எழுதிக் காட்ட வேண்டும் என்பதாகும். 2022 டிசம்பரில் மான்ட்ரீலில் கூடிய உலக நாடுகள் இதை ஒப்புக் கொண்டன. இந்திய சர்க்காரும் சம்மதித்தது. அளப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அளப்பவன் யாருடைய கூலிக்காரன் என்று கேட்கின்றோம்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்றொரு உத்தியோகம் இருந்தது. சுறாமீன் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஜெபிக்கும் பரம்பரைப் பாத்தியதை அது, வரும்படியும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் அந்த வேலையிலிருந்தவர் கத்தோலிக்கர் என்று எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கின்றார். மதம் எதுவானால் என்ன, மந்திரம் பலித்ததோ இல்லையோ, வரும்படி பலித்தது! சுறாவை எண்ணிப் பார்ப்பது அவர் வேலையல்ல. குளிப்பவனைப் பயமில்லாமல் கடலில் இறங்கச் செய்வதே வேலை.

நிற்க, அதே குளிப்பில் நிஜமான அளவையும் இருந்தது. பார் என்னும் சிப்பிப் படுகைகளில் முன்னதாகவே ஆளை இறக்கி, சிப்பி எவ்வளவு, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை முத்து என்று பார்த்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். எதிர்க்கரை இலங்கையில் 1905-இல் எட்டுக் கோடிச் சிப்பி வந்ததைக் கண்டு ஆசைப்பட்ட லண்டன் கம்பெனி ஒன்று, 1906-இல் அங்குள்ள பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் அந்தக் கம்பெனிக்குக் குளிப்பே இல்லை. 1912-இல் கம்பெனி கலைந்தது. பங்குப் பத்திரம் அச்சடித்தால் கடலில் சிப்பி முளைக்குமா? தூத்துக்குடியிலும் 1961-தான் கடைசிக் குளிப்பு.

முத்தாவது விற்கிற சரக்கு, ஆகையால் எண்ணினார்கள். விற்காததை எண்ணியவர் யார்? மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் விலாங்குசல்லி இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டியதால் மூழ்கிற்று. வான் தீவு 1969-இல் சுமார் 16 ஹெக்டேர். 2015-இல் 2 ஹெக்டேர்கூட இல்லை. பாறை விற்ற பணம் யாருடைய பேரேட்டிலோ வரவாக ஏறியது. தீவு போனது எவன் பேரேட்டிலாவது பற்றாக எழுதப்பட்டதா?

ஸ்டெர்லைட் தாமிர ஆலை விஷயத்தைப் பாருங்கள். இம்மாதிரி இடங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டுமென்று 1994-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை போட்டது. நான்கு தீவுகள் அந்த எல்லைக்குள் வருகின்றன என்று தெரிந்தும், 2013-இல் சுப்ரீம் கோர்ட் ஆலையை மூடச் சொன்ன ஹைகோர்ட் உத்தரவை ரத்து செய்து, சுற்றுப்புறத்துக்குச் செய்த கெடுதலுக்கு 100 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. அத்தொகை எப்படி வந்தது? கெட்ட மண்ணை அளந்தா? நீரைச் சோதித்தா? இல்லை, வட்டி, தேய்மானம், வரி கழிக்குமுன் கம்பெனிக்கு வந்த ஒரு வருஷ லாபத்தில் சுமார் பத்திலொரு பங்கு! கெட்டது ஊர், அளந்தது கம்பெனியின் பணப்பெட்டியை. பிறகு 2018 மே 22-இல் ஊர்வலம் போன ஜனங்கள் மீது போலீசார் சுட்டு 13 பேர் மாண்ட பின்னரே ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இனி செபி என்னும் பங்குச் சந்தை வாரியத்தின் பாரத்தைப் பார்ப்போம். பெரிய ஆயிரம் கம்பெனிகள் வருஷந்தோறும் இதை நிரப்ப வேண்டும். தேசியப் பூங்கா, உயிர்க்கோளக் காப்பகம் போன்றவற்றின் பக்கத்தில் தொழில் நடக்கின்றதா என்ற கேள்விக்குப் பதில் கட்டாயம். அங்கே ஜீவராசிகளுக்கு நேர்ந்த கெடுதல் என்ன என்ற கேள்விக்கோ, இஷ்டமிருந்தால் எழுதலாமாம்! திருடனைப் பிடித்து, "அந்த வீட்டுப் பக்கம் நின்றதைக் கட்டாயம் சொல், எடுத்ததை மனமிருந்தால் சொல்" என்கிற விசாரணை இதுதான்.

மேல்நாட்டு நிபுணர்கள் சிலருடைய முறையோ இன்னும் வேடிக்கை. கம்பெனியின் விற்பனைத் தொகையை அத்தொழிலின் சராசரிக் கெடுதலால் பெருக்கி ஒரே எண்ணாக்கி விடுகின்றார்கள். அந்த எண்ணுக்குள் தூத்துக்குடிப் பவளமும் பிரேசில் காடும் பேதமின்றிக் கரைந்து போகும். இவர்களுக்குக் கூலி கொடுப்பது அளக்கப்படும் கம்பெனியேதான். பணம் போடுகிறவனைப் பயமில்லாமல் இறங்கச் செய்யும் இவர்களைக் கடல்கட்டி என்னாமல் வேறு என்ன என்பது?

கடலடியை எண்ண முடியாது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் மீன்வளக் கல்லூரியும் தூத்துக்குடியிலேயே இருக்கின்றன. பாரில் மூழ்கி எண்ணின பரம்பரையும் இக்கரையிலேயே இருக்கின்றது. ஆலை வருமுன்னும் வந்த பின் வருஷந்தோறும் ஆளை இறக்கிப் பவளத்தையும் கடற்புல்லையும் மீனையும் எண்ண வேண்டும். செலவைக் கம்பெனி பொது நிதியில் கட்டட்டும். எண்ணுகிறவரை நியமிக்கும் அதிகாரம் அதற்குக் கூடாது. கணக்கைத் தமிழில் அச்சிட்டு, கடலோரக் கிராம சபைகளில் படித்துக் காட்டி, மீன்பிடிப்பவர் சொல்லும் ஆட்சேபணையையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

இதைச் சொன்னால் தொழிலுக்கு விரோதிகள் என்று நம்மைத் தூற்றுவார்கள். கப்பல் வேண்டாமென்றோ ஆலை வேண்டாமென்றோ நாம் சொல்லவில்லை. அதே துறைமுகத்தில் ஒரு மூட்டை குறைந்தால் இந்த முதலாளிகள் சும்மா விடுகின்றார்களா?