மிதக்கும் காற்றாலைகள்: வடிவமைப்பு யாருக்காக?

கடலில் காற்றாலைகள் நிறுவுவதற்கு ஒன்றிய அரசு 2015இல் கொள்கை வகுத்தது. 2024 ஜூன் மாதத்தில் குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் எனத் தொடங்கும் திட்டத்திற்கு ரூ.7,453 கோடி ஒதுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏலத்தில் தேர்வாகும் தனியார் நிறுவனங்கள் காற்றாலைகளை நிறுவும். கடலுக்குள் துணைமின்நிலையமும் மின்தடமும் அமைக்கும் பொறுப்பு பொதுத்துறையான பவர்கிரிட் நிறுவனத்துக்கு. செலவிலும் இடரிலும் பெரும்பங்கு பொதுப்பணத்தின் மீது; இலாபம் தனியாருக்கு என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

இவை தூண் ஊன்றக்கூடிய ஆழமற்ற கடற்பகுதிக்கான திட்டங்கள். ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்துக்கு அப்பால் தூண் ஊன்றுவது கட்டுப்படியாகாது. அங்கே காற்றாலை மிதவையின் மீதுதான் நிற்க வேண்டும். உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை 2017இல் ஸ்காட்லாந்துக் கடலில் இயங்கத் தொடங்கியது. ஐந்து காற்றாலைகள், 30 மெகாவாட். அதை அமைத்த ஈக்வினார் நிறுவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு நார்வே அரசுக்குச் சொந்தம். தனியார் துணிவே புதுமையைப் படைக்கும் என்று ஓயாமல் ஓதுவோர் இதைக் கவனிப்பது நல்லது.

மிதவை வடிவங்களில் மூன்று முதன்மையானவை. ‘ஸ்பார்’ என்பது அடியில் பெருஞ்சுமை ஏற்றிய நீண்ட உருளை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல, எத்திசையில் சாய்த்தாலும் அடிக்கனத்தால் நிமிரும். ஆனால் அது நீருக்குள் 70 மீட்டருக்கும் அதிகமாக இறங்குவதால், நார்வேயின் ஆழ்ந்த கடற்கழிகளைப் போன்ற இடங்களில்தான் நிமிர்த்திப் பொருத்த முடியும். இரண்டாவது வகை, விலகி நிற்கும் தூண்களை இணைத்துப் பாதி அமிழ வைக்கும் மேடை. இதை ஆழம் குறைந்த துறைமுகத்தில் கட்டி முடித்து இழுவைப் படகால் கொண்டுசெல்லலாம். மூன்றாவது, கடலடியோடு விறைப்பான வடங்களால் கட்டி இழுத்து நிறுத்தப்படும் மேடை.

தேர்ந்தெடுக்கும் வடிவமே பலவற்றைத் தீர்மானிக்கிறது. தளர்ந்து தொங்கும் நங்கூரச் சங்கிலிகள் ஒவ்வொரு மிதவையையும் சுற்றி நூற்றுக்கணக்கான மீட்டர் பரவும். அந்தப் பரப்பில் வலை வீச முடியாது. விறைத்த வடங்கள் எடுத்துக்கொள்ளும் இடம் குறைவு. ஆனால் அவற்றை நிறுவுவது கடினம், செலவும் கூடுதல். செலவைக் குறைக்கும் கணக்கு ஏலதாரரிடம் மட்டும் விடப்பட்டால், மீனவர் இழக்கும் கடல் அந்தக் கணக்கில் செலவாகவே ஏறாது.

இத்தகைய கணக்குகளின் விளைவை மும்பையின் டிராம்பே நன்கறியும். அங்கிருந்த எஸ்ஸோ, பர்மா-ஷெல் சுத்திகரிப்பு ஆலைகள் 1960இல் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. 1970களில் அவை நாட்டுடைமையாயின. சோவியத் கப்பலின் ஆய்வு அடையாளம் காட்டிய மும்பை ஹை படுகையில், 1974இல் பொதுத்துறையான ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கண்டது. அந்த எண்ணெய் உரண் வழியாக டிராம்பே ஆலைகளை அடைந்தது. கடல்மேடைகளைக் கட்டும் பணியில் மசகான் கப்பல்கட்டும் தளமும் ஈடுபட்டது. ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா, இந்திய அறிவியலாளர்களின் வடிவமைப்பில் 1956இல் இயங்கியதும் டிராம்பேயில்தான். ஆழ்கடல் மிதவையை வடிவமைக்கும் ஆற்றல் இந்நாட்டுப் பொதுத்துறைக்கு இல்லை என்பது பொய்.

ஆயினும் பொதுத்துறை என்பது மட்டுமே மக்களைக் காத்துவிடாது. அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டுமென்று, அவசரநிலைக் காலத்தில் 1976 மே மாதம் ஜனதா காலனியின் பல்லாயிரம் மக்கள் அகற்றப்பட்டு, டிராம்பேயின் சீத்தா கேம்ப் பகுதியில் கொட்டப்பட்டனர். அவர்களில் தமிழர் ஏராளம். ஜோக்கின் அற்புதம் தலைமையில் அவர்கள் நடத்திய போராட்டத்தை அரசு பொருட்படுத்தவில்லை.

2021 மே 17 அன்று டவ்-தே புயலில், மும்பை ஹை எண்ணெய் வயல் பணிக்கான தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 மிதவையின் நங்கூரங்கள் அறுந்தன. அடித்துச் செல்லப்பட்ட அந்த மிதவை கடல்மேடை ஒன்றில் மோதி மூழ்கியது. அதிலும் வரப்பிரதா இழுவைப் படகிலுமாக 86 பேர் மாண்டனர். புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும் மிதவை கடலிலேயே நின்றது. நங்கூரத்தின் வலிமையும் புயலுக்குமுன் ஆட்களைக் கரைசேர்க்கும் விதியும் ஏட்டளவில் நின்றால், விலை கொடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளியே.

நிலக்கரிப் புகையிலிருந்து விடுபடக் கடற்காற்று தேவை. ஆகவே திட்டத்தையே எதிர்ப்பது வழியாகாது. அதன் விதிகளை மாற்றக் கோருவதே வழி. மிதவை வடிவமைப்பைச் சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றிடமும், கட்டுமானத்தைப் பொதுத்துறைக் கப்பல்கட்டும் தளங்களிடமும் ஒப்படைக்க வேண்டும். கடலை ஏலம் விடுமுன், மீனவர் அமைப்புகளோடு அமர்ந்து மீன்பிடித் தடங்களை வரைபடமாக்க வேண்டும். நங்கூர முறை அந்த வரைபடத்துக்கு உட்பட்டே தேர்வாக வேண்டும். இழப்பீடு வாழ்வாதார உரிமையாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். புயல் காலப் பணிநிறுத்தம் ஒப்பந்ததாரரின் விருப்பத்துக்கு விடப்படாமல் சட்டக் கட்டாயமாக வேண்டும்.

மன்னார் வளைகுடா மீனவரும் டிராம்பே கோலி மீனவரும் மின்தொழிலாளரும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு அணிதிரள வேண்டிய நேரம் இது. ஏலம் முடிந்தபின் மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிராது.