கட்டணமில்லாக் கடற்கரை



புகைவண்டி நிலையங்களின் பெயர்ப் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். அந்நிலையம் கடல் மட்டத்திற்கு எத்தனை மீட்டர் மேலே உள்ளது என்பதை அது கூறும். பெங்களூரில் அவ்வெண் 900-ஐ ஒட்டியது. சென்னை சென்ட்ரலிலோ ஒரு சில மீட்டர்களே. கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் அவ்வளவு உயரத்தையும் ஓர் இரவில் இறங்கிச் சென்னை சேர்கின்றன. உறவினர் இல்லத்தில் மூட்டையை இறக்கி வைக்கும் முன்பே, "கடற்கரைக்கு எப்போது போவோம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே இத்திங்கள் அக்கடற்கரையின் வரலாற்றையும் இயல்பையும் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. சென்னையில் 'கடற்கரை' என்றே பெயர் பூண்ட நிலையம் ஒன்று உண்டு. பெயரை நம்பிப் பிள்ளைகளுடன் அங்கே இறங்குவோர் கண்முன் காண்பது சாலையும் துறைமுக மதிலுமேயன்றி அலைகள் அல்ல. நிலையத்தின் பெயர் பொய்யன்று. ஒரு காலத்தில் அங்கே கடற்கரை இருந்தது. அதை அவ்விடத்திலிருந்து அகற்றியதும், தெற்கே திருவல்லிக்கேணியில் பரந்த மணல்வெளியை உண்டாக்கியதும் ஒரே செயல்தான்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் மனிதரும் சரக்கும் அலையைக் கடந்து கரை சேர்ந்த காலம் நெடியது. 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்லும். அந்த ஓட்டத்தைத் துறைமுகச் சுவர் மறித்தது. வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தென்புறத்தில் ஆண்டுதோறும் சேர்ந்தது. முன்னர்ச் சாலையை நெருங்கியிருந்த கடல் பின்வாங்கிற்று. இன்று சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் மணலில் நடந்தாலன்றிக் கால் நனையாது.

தெற்கே சேர்ந்த மணல், வடக்கே இழந்த மணலாகும். இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள மீனவ ஊர்கள், கடல் தம் நிலத்தை அரித்துச் செல்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்துள்ளன. அவ்விடங்களில் கருங்கற்களைக் கொட்டியே அலையைத் தடுத்து நிறுத்துகிறார்கள். மெரினாவில் மணல் வீடு கட்டும் நம் குழந்தைகளுக்கு இச்செய்தியையும் பெற்றோர் சொல்லிவைப்பது நன்று.

மெரினா என்னும் பெயரைத் தந்தவர், 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப். இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் கடலோர உலாவிடத்தை முன்னர்க் கண்டிருந்த அவர், அதன் நினைவாக இங்கே நடைபாதை அமைத்துப் பெயருமிட்டார். 1909-இல் கரையோரம் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது.

மீன் காட்சியகம் போயிற்று, கேளிக்கை போகவில்லை. கையால் சுற்றும் சிறு ராட்டினம், குதிரைச் சவாரி, பலூன் சுடும் பலகை, வளையம் எறிந்து பொருள் வெல்லும் ஆட்டம், கிளி சோதிடம் என அது மாலைதோறும் மணல்மீது விரிகிறது. தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் பொரித்த மீனும் அதற்குத் துணை.

மேல்நாட்டுக் கடலோரக் கேளிக்கைப் பேட்டைகளில் புகழ்பெற்றது நியூயார்க் நகரின் கோனி ஐலண்டு. அங்கே 1897-இல் ஸ்டீபிள்சேஸ், 1903-இல் லூனா பார்க், 1904-இல் டிரீம்லேண்டு என மூன்று பூங்காக்கள் அடுத்தடுத்து எழுந்தன. முதலாளிகள் பெருஞ்செலவில் எழுப்பி, வேலியிட்டு, நுழைவுச் சீட்டு விற்று நடத்தியவை அவை. டிரீம்லேண்டு 1911-இல் தீக்கிரையாயிற்று. 1920-இல் நகர ரயில் அங்குச் சென்று சேர்ந்தபின், ஐந்து சென்டுக் காசில் ஏழைத் தொழிலாளரும் கடல் காண முடிந்தது. நம் மெரினாவிற்கோ வேலியும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. அதனைக் கேளிக்கையிடமாக ஆக்கியவர்கள், தள்ளுவண்டியும் தூக்குக் கூடையுமே முதலாகக் கொண்ட எளிய மக்கள்.

வேலியில்லாத இடத்தில் மக்கள் விளையாட மட்டும் கூடவில்லை. 1907-இல் விபின் சந்திர பாலர் இம்மணலில் சொற்பொழிவாற்றினார். பாரதியார் பேசியதும் இங்கேதான். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இடங்களுள் திருவல்லிக்கேணிக் கடற்கரையும் ஒன்று. ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் இங்கு நிறுவப்பட்டது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி முதலியோர் சிலைகள் எழுந்தன. 1969-இல் அறிஞர் அண்ணா இம்மண்ணில் அடக்கமானார். 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மாணவரும் இளைஞரும் இரவு பகலாக இங்கு அமர்ந்திருந்ததை நாம் அறிவோம். அதற்குப் பின்னர் இங்கே போராட்டம் நடத்த இசைவு தரப்படுவதில்லை.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைக் கூறவேண்டும். கிராண்ட் டஃப் நடைபாதை போடுவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கரையில் மீனவர் குப்பங்கள் இருந்தன. நடுக்குப்பம், அயோத்தியாக் குப்பம், நொச்சிக்குப்பம் என அவற்றின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நகரத்தார் கடற்கரையை அழகுபடுத்த எண்ணும் போதெல்லாம், முதலில் அகற்றப்பட வேண்டியவையாக அவர்கள் கண்ணில் படுவன கட்டுமரமும் வலையும் மீன் கூடையுமே. 1985-இல் கட்டுமரங்களை அப்புறப்படுத்த முனைந்தபோது மோதல் எழுந்து, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை வந்தபோதும் முதலில் அடிபட்டவை அவர்கள் குடியிருப்புகளே. 2023-இல் நொச்சிக்குப்பம் சாலையோர மீன் கடைகளை அகற்ற முற்பட, மீனவப் பெண்கள் சாலையில் மீனைக் கொட்டி மறித்தனர். 2024-இல் அவர்களுக்கென அங்காடி திறக்கப்பட்டது. மணலில் கடை வைத்திருந்தோருள்ளும் 900 கடைகளுக்கு மட்டுமே இடமென்று வரையறுத்து, 2021-இல் குலுக்கல் முறையில் உரியோரைத் தெரிந்தெடுத்தார்கள். தூய்மையும் ஒழுங்கும் வேண்டாமென எவரும் சொல்லார். ஆனால் குலுக்கலில் பெயர் வாராதவன் மறுநாள் எங்கே சென்று சுண்டல் விற்பான் என்பதும் எண்ணத்தக்கதே.

பிழைக்க வந்த ஊரில், இது யாருக்கு உரிய இடம் என்னும் வினாவை நாமும் எதிர்கொண்டவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதை நம் குடும்பங்கள் மறந்திரா. ஆதலால், ஒதுங்கிப் போ என்று சொல்லப்படுவோரின் மனம் நமக்கு விளங்காததன்று. கடற்கரை இரைச்சலாயிருக்கிறது, கடைகள் மலிந்துவிட்டன என்று முகஞ்சுளிக்கும் முன்னர், அக்கடைகள் இல்லையேல் நாம் கைச்சுமையின்றிப் பிள்ளைகளுடன் சென்று மகிழ வேறோர் இடம் அந்நகரில் உண்டா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறுக. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களிலிருந்தும் கடற்கரைக்கு நடந்து செல்லலாம். சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே புயலில் சேதமுற்ற அதனைப் பின்னர்ச் சீர் செய்தனர். மெரினாவில் குளித்தல் கூடாது. அங்கே அடிநீரின் இழுப்பு கடிது. ஆண்டுதோறும் இளம் பிள்ளைகள் உயிரிழக்கின்றனர். ஏரியையும் குளத்தையும் மட்டுமே அறிந்த நம் வீட்டுச் சிறுவர்க்கு இதனை வீட்டிலேயே சொல்லி அழைத்துச் செல்லுக. கணுக்கால் நனைந்தால் போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பெருங்கடைகளில் எழுதிய விலையை வாய் திறவாமல் கொடுத்து வருகிற நாம், சுண்டல் விற்கும் சிறுவனிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாட வேண்டா. உண்ட காகிதத்தை மணலில் எறியாமல் தொட்டியில் இடுக. நுழைவுக் கட்டணம் கேளாத அக்கடற்கரைக்கு நாம் செலுத்தத் தக்கது இவ்வளவே.