பதிவேட்டில் இருந்தும் கிடைக்காத பெயர்கள்

சென்னையின் ஆர்மீனியன் தெருவைத் தமிழர் அரண்மனைக்காரன் தெரு என்று அழைத்து வந்தனர். அங்கே அரண்மனைக்காரர் எவரும் இல்லை. ‘ஆர்மீனியன்’ என்ற அயற்சொல் நம் செவிக்குப் பழகிய சொல்லாகத் திரிந்தது என்பதே பொதுவான விளக்கம். தெருவின் பெயருக்கு நேர்ந்தது அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இந்திய ஆர்மீனியரின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியது இதையே.

இவ்வாய்வின் முதன்மைச் சான்று தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் அவை பதிகின்றன. இன்று இத்தகைய ஏடுகள் எண்மமாக்கப்பட்டு, குடும்பப் பெயரை வைத்துத் தேடும் அட்டவணைகளாக மாற்றப்படுகின்றன. என் மறுப்பு அந்த அட்டவணை முறையின் மீதே.

இந்தியாவுக்கு வந்த ஆர்மீனிய வணிகர்களில் பெரும்பாலோர் பாரசீகத்தின் புதிய ஜுல்ஃபாவைச் சேர்ந்தவர்கள். இங்கே அவர்களுள் பலர் ‘-யான்’ ஈற்றை விடுத்து, தந்தையின் பெயரையே இரண்டாம் பெயராகக் கொண்டனர். ஹோவானஸின் மகன் கிரிகோர் ஹோவானஸ். அவர் மகன் ஹாருத்யூன் கிரிகோர். மூன்று தலைமுறையில் ‘குடும்பப் பெயர்’ இருமுறை மாறிவிடுகிறது. கடவுச்சீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தின் முன் திகைத்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டவணைக்கு இவர்கள் தொடர்பற்ற மூவர்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் மணம் புரிந்தோரின் பதிவுகளில் ஹோவானஸ் ‘ஜோஹானஸ்’ ஆகிறார். ஹாருத்யூன் ‘அரத்தூன்’ ஆகிறார். ஆர்மீனிய மொழிக்குள்ளேயே கிழக்கு, மேற்கு வழக்குகள் வேறுபடுகின்றன. இஸ்பகானில் ஒலிப்பிலாப் பகரத்தில் தொடங்கும் பெத்ரோஸ், இஸ்தான்புல்லில் ஒலிப்புடைய பகரத்தில் தொடங்கும். தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டும். உரோமன் எழுத்து அட்டவணையோ ஒருவரையே இரு வேறு எழுத்துகளின் கீழ்ப் பிரித்து வைக்கும்.

ஆண்டுக் கணக்கும் எளிதன்று. பழைய ஆர்மீனிய ஊழியில் ஆண்டுகளை எழுத்துகளால் குறிப்பர். பொது ஆண்டைப் பெற ஏறத்தாழ 551 கூட்ட வேண்டும். ஜுல்ஃபா வணிகர் கையாண்ட அசாரியா நாட்காட்டிக்கோ 1615 கூட்ட வேண்டும். 1794-இல் சென்னையில் வெளிவந்த, உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ இந்த நாட்காட்டியையே பயன்படுத்தியது. எந்தக் கணக்கு என்று அறியாமல் மாற்றினால் பேரன் பாட்டனுக்கு முன் பிறந்துவிடுவான்.

தேடுவதை எளிதாக்கத்தானே அட்டவணை, இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். நான் கேட்பது நான்கு பத்திகளை மட்டுமே: மூல எழுத்தில் உள்ளவாறே பெயர், தனியே தந்தையின் பெயர், ஏட்டில் உள்ளபடியே நாளும் அதன் மாற்றமும், ஞானத்தந்தையின் பெயர். கடைசியானது அலங்காரமன்று. ஆர்மீனிய மரபில் ஞானத்தந்தை உறவு பெரும்பாலும் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தலைமுறையாகத் தொடர்வது. பெயர்கள் கைவிடும் இடத்தில் அந்த உறவே வழிகாட்டும். அதுபோல ‘தேர்’ என்னும் முன்னொட்டு குருவானவரின் வழிவந்தோரைக் குறிக்கும். எழுத்தர் அதைப் பெயரின் பகுதியென்று கருதி வெட்டினால் ஒரு தலைமுறையின் அடையாளமே போய்விடும்.

இது வெறும் நூலக நுட்பமன்று. 1915-இல் தொடங்கிய இனப்படுகொலையில் ஒட்டோமான் பேரரசின் எண்ணற்ற ஆர்மீனியப் பங்குகள் தம் ஏடுகளோடு அழிந்தன. அவற்றின் வழித்தோன்றல்களுக்கு ‘பதிவு இல்லை’ என்ற விடை வரலாற்றின் கொடுமை. ஏடு பத்திரமாக இருக்கும்போதும் அதே விடையை ஒருவர் பெற்றால், அதற்குப் பொறுப்பு அட்டவணை செய்தவர்களாகிய நம்முடையது. மொழியியல் மாணவர்கள் இப்பணியில் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்; அட்டவணை முடிந்தபின் பிழைதிருத்த அழைக்கப்படுவதால் பயனில்லை.