சூளைக்குப் பிடித்த சனி எது?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும், பியூஸ் கட்டையும் செய்து பிழைக்கிறவர்கள் அநேகர். உக்ரேன் சண்டைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2022 பிப்ரவரியில் ருஷியா அங்கு படையெடுத்ததும் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் போயிற்று. ஜூலையில் ஒரு டாலர் 80 ரூபாயைத் தொட்டது. நமது நாடோ தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளியில் வாங்குகிறது. எண்ணெயோ எரிவாயுவோ கொண்டு சூளை எரிக்கிறவன் தலையில்தானே இது விடியும்?

சோதிடனைக் கேட்டால் சனிப்பெயர்ச்சி என்பான். 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்து எண்ணெய் விலை ஏறியதும், 1991-ல் நமது சர்க்கார் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு பாங்கிகளில் அடகு வைத்ததும் சனி செய்த வேலையா?

தோழர்களே! இவையெல்லாம் மனிதர் செய்தவை. முடைப்பட்ட நாடுகள் கடனுக்குப் போய் நிற்கும் சர்வதேச நாணய நிதியத்தில் பணத்துக்குத் தக்கபடிதான் வோட்டு. முக்கியத் தீர்மானங்களுக்கு 100-க்கு 85 வோட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16-க்கு மேல் இருப்பதால் அது கூடாதென்றால் கூடாதுதான். 140 கோடி மக்களுள்ள இந்தியாவுக்கு 3 கூட இல்லை. மேல்சாதி கீழ்சாதி ஊருக்குள் மட்டுமா இருக்கிறது?

மனிதன் செய்ததை மனிதனே மாற்ற வேண்டும். ஆகவே நவக்கிரகத்துக்கு எள் விளக்கு ஏற்றும் காசை மிச்சப்படுத்தி, எரிபொருள் குறைவாகத் தின்னும் சூளைக்குக் கூட்டாகச் சேருங்கள். வோட்டுக் கேட்டு வருகிறவரிடம், உலக சபையில் நமக்குச் சம வோட்டுக் கேட்டீரா என்று கேளுங்கள். சனியைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு அங்கே வோட்டும் இல்லை.